வண்ணத்துப்பூச்சிக்குப் பள்ளியில் இடம் உண்டா?



எங்கள் பள்ளியின் பின்வேலியை ஒட்டி ஒரு துண்டு நிலம் உள்ளது. ஒரு காலத்தில் பால்மரத் தோட்டமாக இருந்த பெருநிலத்தின் கடைசி மிச்சம் அது. சுற்றிலும் வீடமைப்புப் பகுதி எழுந்துவிட்டது. அந்தத் துண்டில் மட்டும் ஒரு கறிவேப்பிலை மரமும், இரண்டு எலுமிச்சைச் செடிகளும், ஒரு சரக்கொன்றையும், பெயர் சொல்லி எவரும் நடாத காட்டுப் பூச்செடிகளும் வளர்ந்து நிற்கின்றன. அதனைத் துப்புரவாக்கிச் சிமெந்து பூசி வாகன நிறுத்துமிடம் ஆக்கலாம் என்ற கருத்து, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் எழுந்திருக்கிறது. கறிவேப்பிலை மரத்தில் புழு மொய்க்கிறது, பிள்ளைகளுக்கு அரிப்பு வரும் என்ற அச்சமும் அதற்கு ஒரு காரணம். வரும் கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். அதற்கு முன் என் எண்ணங்களை இங்கே எழுதி வைக்க விரும்புகிறேன். மற்ற பள்ளிகளிலும் இதே கேள்வி எழக்கூடும் என்பதால் இது அனைவருக்கும் பயன்படலாம்.

பேராக்கின் பச்சைச் சிறகு

வண்ணத்துப்பூச்சி என்றதும் நம் மாநிலத்தில் முதலில் நினைவுக்கு வரவேண்டியது ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சி. மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சி அது. கரிய சிறகில் பல்வரிசை போல மின்னும் பச்சை முக்கோணங்கள். கழுத்தைச் சுற்றிச் சிவப்புப் பட்டை. விரித்த சிறகின் அகலம் ஏறத்தாழ ஒரு சாண். ஆங்கிலேய இயற்கையறிஞர் ஆல்பிரட் ரசல் வாலஸ் சரவாக்கில் இதனைக் கண்டு, 1855இல் அன்றைய சரவாக் ஆட்சியாளர் ஜேம்ஸ் புரூக்கின் பெயரைச் சூட்டினார்.

இப்பூச்சி வாழும் எல்லை மிகக் குறுகியது. தீபகற்ப மலேசியா, சுமத்ரா, போர்னியோ ஆகிய இடங்களின் காடுகளே இதன் உலகம். இதன் நெருங்கிய உறவினம் ஒன்று பிலிப்பைன்சின் பலாவான் தீவில் உண்டு. அவ்வளவுதான். நம் பேராக்கில், தித்திவாங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில், கோப்பெங் அருகே உள்ள உலு கெரோவிலும், தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வழியில் உள்ள குவாலா வோவிலும் இதனைக் காணலாம். வெந்நீரூற்று கசியும் ஈர மண்ணில் ஆண்பூச்சிகள் கூட்டமாக இறங்கி உப்புச்சத்தை உறிஞ்சும். பெண்பூச்சிகள் மரங்களின் உச்சியிலேயே உலவுவதால் கண்ணில் படுவது அரிது.

உலு கெரோ செமாய் பழங்குடி மக்களின் ஊர். முன்பு அங்குள்ளோர் இப்பூச்சிகளைப் பிடித்துச் சேகரிப்பாளருக்கும் நினைவுப்பொருள் வணிகருக்கும் விற்று வந்தனர். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஊசி குத்தி வைத்த பூச்சிகளைச் சுற்றுலாக் கடைகளில் நம்மில் பலரும் பார்த்திருப்போம். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், மலேசிய இயற்கைக் கழகத்தின் துணையுடன் அவ்வூர் மக்களே ஓர் அமைப்பை உருவாக்கினர். பூச்சியைப் பிடித்து விற்பதை விட்டு, பூச்சியைக் காண வருவோருக்கு வழிகாட்டத் தொடங்கினர். அங்குப் பூக்கும் ரப்லீசியா மலரும் அவர்களுக்குத் துணையாயிற்று. உயிரோடு பறக்கும் பூச்சி ஒவ்வோர் ஆண்டும் வருமானம் தரும். செத்த பூச்சி ஒரே ஒரு முறைதான் தரும். இந்தக் கணக்கை நம் மாணவர்களுக்குக் கற்பிக்கக் கணிதப் பாடவேளையே போதுமானது!

இன்று ராஜா புரூக் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படும் உயிரினம். அனைத்துலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலிலும் அது இடம்பெற்றுள்ளது.

எது எங்கே வாழும்?

தீபகற்ப மலேசியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் உள்ளன. அவை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் பரவியிருப்பதில்லை. காரணம் மிக எளிது. சிறகு முளைத்த பூச்சி பல பூக்களிலும் தேன் குடிக்கும். ஆனால் அதன் புழுவோ ஒன்றிரண்டு செடிகளின் இலையை மட்டுமே தின்னும். தாய்ப்பூச்சி அந்தச் செடியைத் தேடித்தான் முட்டையிடும். செடி இல்லாத ஊரில் அந்தப் பூச்சியும் இல்லை.

ராஜா புரூக்கின் புழு காட்டில் படரும் ஒருவகை அரிஸ்டோலோக்கியா கொடியைத் தின்கிறது. தமிழகத்துச் சித்த மருத்துவர் அறிந்த ஈஸ்வரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் இதே கொடிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. காடு அழிந்தால் கொடி அழியும்; கொடி அழிந்தால் தேசிய வண்ணத்துப்பூச்சியும் அழியும். சட்டம் பூச்சியைக் காக்கலாம். அதன் கொடிக்கு இடம் இல்லாமற் போனால் சட்டத்தால் என்ன பயன்?

நம் வீட்டுப் பக்கம் வருவோம். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் இரண்டு இனங்கள் முட்டையிடுகின்றன. தமிழக ஆர்வலர்கள் அவற்றுக்குக் கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்று பெயரிட்டிருக்கிறார்கள். எத்துணை இனிமையான பெயர்கள்! எருக்கில் வளர்வது வெந்தய வரியன். சரக்கொன்றையில் வளர்வது எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் கூட்டமாய்ப் பறக்கும் ஒரு பூச்சி. செண்பகத்திலும் சீத்தாவிலும் வளர்வது கறுப்பில் பச்சைப் புள்ளி தெறித்த வாலுள்ள பூச்சி. இவை அனைத்தும் தமிழகத்திலும் உண்டு, ஈப்போவிலும் உண்டு. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்து லயத்து வாசலில் கறிவேப்பிலையையும், கோயில் முகப்பில் கொன்றையையும் நட்டார்கள். குழம்புக்கும் வழிபாட்டுக்கும் நட்ட மரங்கள், இங்கிருந்த வண்ணத்துப்பூச்சிகளுக்குத் தொட்டிலாயின.

நம்மைப் போலவே மேற்கிலிருந்து வந்து குடியேறிய பூச்சியும் ஒன்று உண்டு. டானி கோஸ்டர் எனப்படும் செம்மஞ்சள் நிறப் பூச்சி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. தாய்லாந்து வழியாகத் தெற்கே பரவி, நம் தீபகற்பத்தைக் கடந்து, 2006இல் சிங்கப்பூரையும் 2012இல் ஆஸ்திரேலியாவின் வடகரையையும் எட்டியது. காடு அழிந்து திறந்த வெளியானது அதற்கு வழி திறந்துவிட்டது. ஆகவே, ஓர் ஊரில் பூச்சி பறக்கிறது என்பதால் இயற்கை நலமாக உள்ளது என்று முடிவு கட்டிவிட முடியாது. எந்தப் பூச்சி பறக்கிறது என்று பெயர் சொல்லத் தெரிந்தால்தான் அந்த நிலத்தின் கதை விளங்கும்.

அக்கதை சில இடங்களில் துயரமானது. லியன் பின் கோ, டேவிட் வில்கோவ் ஆகிய இருவர் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, கன்னிக்காடு செம்பனைத் தோட்டமாக மாறும்போது காட்டு வண்ணத்துப்பூச்சி இனங்களில் 83 விழுக்காடு மறைந்துவிடுகிறது.

பூச்சியின் வேலையை அம்மா செய்த காலம்

இங்கே என் குடும்பக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பால்மரத்துக்கு மகரந்தச் சேர்க்கை பற்றிய கவலை அதிகம் இல்லை. நமக்கு வேண்டியது அதன் பால். ஒட்டுக் கன்று நட்டால் போதும். செம்பனையோ அப்படியன்று. பழக்குலையில்தான் எண்ணெய். ஒரே மரத்தில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் தனித்தனியே, வெவ்வேறு காலத்தில் பூக்கும். ஒரு மரத்தின் மகரந்தம் மற்றொரு மரத்தின் பெண்பூவை அடைந்தால்தான் குலை நிறையும். ஆப்பிரிக்காவிலிருந்து மரத்தைக் கொண்டுவந்தவர்கள், அங்கே அந்த வேலையைச் செய்த பூச்சியைக் கொண்டுவரவில்லை.

ஆகவே அந்த வேலையை மனிதர்கள் செய்தார்கள். நான் பிறந்த தோட்டத்தில் என் அம்மாவும் செய்தார். ஆண்பூக்களின் மகரந்தத்தைத் திரட்டிக் காயவைத்து, மாவுத்தூளோடு கலந்து, முள்மட்டைகளை விலக்கி, பெண்பூக்களின்மேல் ஊத வேண்டும். மரத்துக்கு மரம், நாளுக்கு நாள். அம்மாவின் முன்கையில் உள்ள தழும்புகளுள் சில அந்த முட்கள் கிழித்தவை.

ஆப்பிரிக்கக் கமெரூனில் பூச்சிகளே இவ்வேலையைச் செய்வதை ஐயுற்ற யூனிலிவர் நிறுவனத்தின் தோட்டத்துறைத் தலைவர் லெஸ்லி டேவிட்சன், பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத்தை ஆராயச் செய்தார். அரிசிமணி அளவே உள்ள ஒரு கூன்வண்டுதான் அந்த வேலையாள் என்று சையத் காட்டினார். தீவிர ஆய்வுக்குப்பின் 1981இல் ஜொகூரில் அவ்வண்டுகள் விடப்பட்டன. விரைவில் நாடெங்கும் பரவின. குலைகள் நிறைந்தன. கையால் மகரந்தம் ஊதும் வேலை முடிவுக்கு வந்தது.

“அந்தப் பூச்சி வந்துச்சு, எங்களுக்கு அந்த வேலை போச்சும்மா. அப்புறம் மருந்தடிக்கப் போனோம்” என்று அம்மா இன்றும் சொல்வார். மருந்து என்பது களைக்கொல்லி. முதுகில் தோம்பைச் சுமந்து, மரத்தடிப் பூச்செடிகளை எல்லாம் கருக்கும் வேலை. அக்காலத்தில் பெரிதும் பயன்பட்ட பாராகுவாட் என்னும் நஞ்சு மலேசியாவில் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில்தான். அதற்குள் அதைச் சுமந்த பெண்களின் ஒரு தலைமுறை முதுமை அடைந்துவிட்டது.

அன்பர்களே, நான் இதிலிருந்து கற்றது ஒன்று. பூச்சி செய்வது விளையாட்டு அன்று. அது கூலி இல்லாத உழைப்பு. அந்த உழைப்பாளி இல்லாத இடத்தில் யாரோ ஒருவரின் தாய் அதைச் செய்யவேண்டி வரும். அல்லது பழமே இல்லாமல் போகும்.

வண்ணத்துப்பூச்சி உண்மையில் உழைக்கிறதா?

நேர்மையாகச் சொன்னால், மகரந்தம் சுமப்பதில் தேனீயே தலையாய உழைப்பாளி. தேனீயின் உடல் மயிரால் மூடப்பட்டது. தன் குஞ்சுகளுக்காகவே அது மகரந்தத்தைத் திரட்டுகிறது. வண்ணத்துப்பூச்சியோ நெடுங்காலில் நின்று, உறிஞ்சுகுழலை நீட்டித் தேனை மட்டும் குடிக்கும். ஒரு பூவில் அது சுமக்கும் மகரந்தம் குறைவு. ஆனால் அது தொலைவு பறக்கிறது. தேனீ நுழைய இயலாத நீண்ட குழல் பூக்களைத் தேடுகிறது. நம் கோயில் வேலியில் பூக்கும் வெட்சியைப் பாருங்கள். ஊசி போன்ற அந்தக் குழலுக்குள் வண்ணத்துப்பூச்சியின் உறிஞ்சுகுழல் எட்டும்.

தமிழகத்தின் மாநில மலரான செங்காந்தளைப் பற்றித் தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்த ஆய்வொன்று 2020இல் வெளியானது. அம்மலர் தலைகீழாகத் தொங்கி, தன் கேசரங்களைப் பக்கவாட்டில் விரித்து நிற்கிறது. தேன் குடிக்க வரும் வண்ணத்துப்பூச்சியின் சிறகு அக்கேசரங்களில் உரசுகிறது. மகரந்தம் சிறகில் ஒட்டி அடுத்த மலருக்குப் போகிறது. நாம் அழகென்று மட்டும் பார்க்கும் சிறகு, அங்கே சுமைகூலியின் தோளாகிறது!

ஈப்போவாசிகளுக்கு இன்னோர் எடுத்துக்காட்டு வேண்டுமா? நாம் காத்திருந்து உண்ணும் டுரியான் இரவில் பூக்கிறது. அதன் முதன்மை உழைப்பாளி, சுண்ணாம்புக் குகைகளில் அடையும் தேனுண்ணும் வௌவால். குகை உடைந்தால் டுரியானுக்கும் இழப்புத்தான். கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்க்கும்போதெல்லாம் இதையும் மாணவர்களுக்குச் சொல்கிறேன்.

2016 பிப்ரவரியில், நம் கோலாலம்பூரில் கூடிய பன்னாட்டு அறிவியல் மன்றமே மகரந்தச் சேர்க்கையாளர் பற்றிய உலக அறிக்கையை ஏற்றது. உலகின் முதன்மையான உணவுப் பயிர் வகைகளில் முக்கால் பங்கு, ஓரளவேனும் உயிரினங்களின் மகரந்தச் சேர்க்கையைச் சார்ந்துள்ளது என்று அவ்வறிக்கை கூறியது.

பெற்றோரின் கேள்விகள்

முதற்கேள்வி: புழுவால் அரிப்பு வராதா? சில இனங்களின் மயிர் அடர்ந்த புழுக்கள் அரிப்பைத் தரும் என்பது உண்மை. அவற்றைத் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வளரும் அழகிகளின் புழுக்களுக்கு அத்தகைய மயிர் இல்லை. இளம்புழு பறவை எச்சம் போல் தோன்றும். வளர்ந்தபின் இலைப்பச்சை நிறம் பெறும். தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னிருந்து செம்மஞ்சள் கவை ஒன்றை நீட்டி நாற்றம் வீசும். அது அச்சுறுத்தல் மட்டுமே, கடிக்காது, கொட்டாது.

இரண்டாம் கேள்வி: புதர் இருந்தால் டிங்கி வராதா? ஏடிஸ் கொசு முட்டையிடுவது தேங்கிய நீரில். பூச்சாடித் தட்டு, அடைத்த மழைநீர்க் கால்வாய், வீசியெறிந்த நெகிழிக் குவளை ஆகியவற்றை வாரந்தோறும் பார்ப்பது கட்டாயம். ஒரு குவளை நீரைக் கொட்டுவதற்குக் கொன்றை மரத்தை வெட்ட வேண்டியதில்லை. புகைமருந்து அடிக்க நேர்ந்தால் அது கொசுவோடு வண்ணத்துப்பூச்சியையும் தேனீயையும் சேர்த்தே கொல்லும் என்பதையும் நினைவில் கொள்வோம்.

மூன்றாம் கேள்வி: இதனால் பிள்ளையின் படிப்புக்கு என்ன நன்மை? யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. இன்று வகுப்பறை மதிப்பீட்டில் உற்றுநோக்கல், பதிவு செய்தல், விளக்குதல் ஆகியவற்றுக்கு இடமுண்டு. முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்னும் நான்கு நிலைகளைப் பாடநூலின் படத்தில் வட்டமாக வரைந்து அம்புக்குறி இடுவது ஒன்று. ஒரு மாத அளவில் அத்தனையையும் கண்முன் காண்பது வேறொன்று. சென்ற பருவத்தில் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, கறிவேப்பிலை அழகியின் பெண்பூச்சி வேறொரு நச்சுப் பூச்சியைப் போல் வேடமிடுவதை அறிந்ததும், “டீச்சர், அது பொய் சொல்லுதா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை தேடியே ஒரு பாடவேளை கழிந்தது. அதைவிட நல்ல அறிவியல் வகுப்பை நான் நடத்தியதில்லை.

வாகன நெரிசல் பற்றிய கவலையை நான் அலட்சியப்படுத்தவில்லை. பள்ளி முடியும் நேரத்தில் சாலையோரத்தில் பிள்ளைகள் படும் இடரை நாள்தோறும் காண்கிறேன். ஆதலால் முழு நிலத்தையும் கேட்கவில்லை. வாயிலை ஒட்டிய பகுதி வாகனங்களுக்கு ஆகட்டும். மரங்கள் நிற்கும் பின்பகுதி அப்படியே இருக்கட்டும்.

நாம் செய்யக்கூடியவை

1. ஏற்கெனவே உள்ள மரங்களை வெட்டாதிருத்தல். புதிய செடி வளர ஆண்டுகள் ஆகும்.

2. தேன் தரும் பூச்செடியோடு புழு உண்ணும் செடியையும் நடுதல். வெட்சி விருந்து என்றால், கறிவேப்பிலை தாய்வீடு. இரண்டும் வேண்டும்.

3. அரிஸ்டோலோக்கியா கொடிகளை வாங்கும்போது கவனமாயிருத்தல். அழகுக்காக விற்கப்படும் தென்னமெரிக்க வகையில் முட்டையிட்டு, புழுக்கள் நஞ்சுண்டு மடிவது ஆஸ்திரேலியாவில் அறியப்பட்ட ஒன்று. நம் நாட்டு வகையைத் தெரிந்தவரைக் கேட்டு நட வேண்டும்.

4. அந்தப் பகுதியில் களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் அடிக்காதிருத்தல். சமையலுக்குக் கறிவேப்பிலை பறிப்போருக்கும் அதுவே நல்லது.

5. போட்டிகளுக்காகப் பூச்சிகளை ஊசி குத்தி ஒட்டுவதைக் கைவிட்டு, ஒளிப்படமும் ஓவியமும் எடுத்து வரச் சொல்லுதல்.

6. ஆசிரியர் அறையில் ஒரு குறிப்பேடு வைத்து, எந்த மாதம் எந்தப் பூச்சி வந்தது என்று மாணவர்களே எழுதுதல். தமிழ்ப் பெயரோடு எழுதட்டும். பெயர் இல்லாத பூச்சிக்குப் பொருத்தமான பெயரை அவர்களே தேடட்டும்.

தமிழ்நாடு அரசு 2019இல் தமிழ் மறவன் என்னும் இனத்தை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. திருவரங்கத்தில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஒரு வண்ணத்துப்பூச்சிப் பூங்காவையே அமைத்துள்ளது. அவ்வளவு பெரிய காரியம் நம்மால் இயலாது. ஆனால் பேராக்கில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பல பள்ளிகள் பழைய தோட்டங்களின் நடுவிலோ விளிம்பிலோ நிற்கின்றன. பள்ளிக்கு ஒரு மூலை என்று ஒதுக்கினாலும் மலையடிவாரம் முதல் கடலோரம் வரை 130 மூலைகள்! சிறகுள்ள ஓர் உயிருக்கு அது நல்ல பாதை.

தோட்டம் போய்விட்டது. லயங்கள் போய்விட்டன. அங்கே நின்ற மரங்களில் எஞ்சியவை சில. அவற்றின் இலைகளில் பாதியைப் புழு தின்றாலும், மீதிப் பாதி நம் குழம்புக்குப் போதும். கூட்டத்திற்கு வரும் பெற்றோர் சற்று முன்னதாக வந்தால், பின்வேலிப் பக்கம் அழைத்துச் சென்று காட்டக் காத்திருக்கிறேன். பார்த்தபின் வாக்களியுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை